நயாகராவுக்குக் கடற்காகம் பார்க்க ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி

நவம்பர் கடைசியில் நயாகராவுக்குப் போகிறோம், அருவிக்கு இல்லை, கடற்காகம் பார்க்க என்று சொன்னால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பாதிப்பேர் சிரிப்பார்கள். மோல் பார்க்கிங்கில் யாரோ சிந்திய பிரெஞ்ச் பிரைஸுக்கு அடிபடுகிற பறவையைப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் கார் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். உலகம் முழுவதும் கடற்காக இனங்கள் ஏறத்தாழ 50 இருக்கும்; அதில் 19 இனங்களாவது ஈரி ஏரிக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் நடுவில் ஓடுகிற இந்த 58 கிலோமீற்றர் ஆற்றில் பதிவாகியிருக்கின்றன. 1996இல் கனடா, அமெரிக்கா என்ற இரு நாட்டுப் பறவை அமைப்புகளும் சேர்ந்து இந்த ஆற்றை உலக முக்கியத்துவம் உள்ள பறவைப் பகுதியாக அறிவித்ததற்குப் பெரிய காரணமே இவைதான்.

ஏன் இங்கே இவ்வளவு கூட்டம் என்றால், சாப்பாடுதான். நவம்பரில் வடக்கே ஆர்க்டிக்கிலும் காட்டு ஏரிகளிலும் தண்ணீர் உறையத் தொடங்கும், அங்கே கூடு கட்டிய பறவைகள் எல்லாம் தெற்கே இறங்கும். நயாகரா ஆறு வேகமாக ஓடுவதால் உறைவதில்லை, தண்ணீருக்குள் சின்ன மீன் நிறைய. போதாததற்கு இரண்டு கரையிலும் பெரிய நீர்மின் நிலையங்கள், டர்பைனுக்குள்ளால் அடிபட்டு மயங்கி வெளியே வருகிற மீன்களைப் பொறுக்க ஆயிரக்கணக்கில் கடற்காகங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். இலவசச் சாப்பாடு எங்கே கிடைக்கிறதோ அங்கே கூட்டம் கூடும், எங்கள் ஆக்களைப் போலத்தான்.

கூட்டமாகப் போவதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மூவாயிரம் பறவைக்கு நடுவில் வித்தியாசமான ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு சோடிக் கண் போதாது, பத்துப் பேர் பார்த்தால் யாராவது ஒருவருக்கு அகப்படும். கெட்ட விஷயமும் அதே கூட்டம்தான். கூட்டம் ஓரிடத்தில் நிற்காது. "இங்கே ஒன்றும் இல்லை, அடுத்த இடத்துக்குப் போவோம்" என்று பதினைந்து நிமிடத்தில் ஒருவர் தொடங்கினால் எல்லாரும் காரில் ஏறிவிடுவார்கள், நாள் முழுவதும் பார்க்கிங் தேடுவதிலேயே போய்விடும். கடற்காகம் பார்ப்பது என்றால் நிற்பதுதான். நாலு இடம், ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல். கூட்டிப்போகிறவர் முதலிலேயே இதை எல்லாருக்கும் சொல்லிவைத்தால் மற்ற எல்லாம் தானாக நடக்கும்.

எப்போது, எத்தனை பேர்

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரைக்கும் நல்ல காலம். நான் தெரிவு செய்வதாக இருந்தால் நவம்பர் கடைசிக் கிழமை. சின்ன இனமான போனபார்ட் கடற்காகங்கள் அப்போது ஆயிரக்கணக்கில் இருக்கும், வெள்ளைச் செட்டை உள்ள வடக்கத்திய பெரிய இனங்களும் வரத் தொடங்கியிருக்கும். முன்பே போனால் பெரியவை குறைவு, பிந்திப் போனால் போனபார்ட் கலையத் தொடங்கும்.

காலநிலையைப் பார்க்கும்போது வெயில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். மேகம் மூடிய நாள்தான் நல்லது. கடற்காகத்தின் முதுகு எவ்வளவு கறுப்பான சாம்பல் என்பதில்தான் பாதி அடையாளம் இருக்கிறது, பளிச்சென்ற வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். மழை தூறினாலும் சமாளிக்கலாம். மூடுபனி என்றால் மட்டும் வீட்டிலேயே இருங்கள். முந்தின நாள் பலமாகக் காற்றடித்திருந்தால் அது அதிர்ஷ்டம், ஏரியில் கிடந்தவை ஆற்றுக்குள் தள்ளப்பட்டு வரும், ஆனால் பெருங்காற்று அன்றைக்கே அடிக்கிறது என்றால் வெளிக்கிட முன் பேர்லிங்ரன் ஸ்கைவே பாலம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், சில நேரம் காற்றுக்கு அதை மூடிவிடுவார்கள்.

ஆட்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. மூன்று கார். அதற்கு மேல் போனால் மூன்றாவது இடமான குயின்ஸ்டனில் நிறுத்த இடம் கிடையாது, ஸ்கோப்புக்கு, அதாவது முக்காலியில் நிற்கிற தொலைநோக்கிக்கு, பின்னால் வரிசை நீண்டுவிடும், பின்னால் நிற்பவர்கள் பறவையை விட்டுவிட்டு வீட்டு விலை கதைக்கத் தொடங்குவார்கள். வாட்ஸ்அப்பில் "நாங்களும் வரலாமா" என்று கடைசி இரவு கேட்பவர்களுக்கு அடுத்த வருடம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ரொறன்ரோவிலிருந்து கோ ரயில் நயாகரா வரை போகிறது, கார் இல்லாதவர்கள் அதில் வந்து நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஆற்றோரமாக இடத்துக்கு இடம் போகக் கார் இல்லாமல் முடியாது.

ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பாவைக் கூட்டிவரலாமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். தாராளமாக. நடை அதிகம் இல்லாத பறவை பார்த்தல் இது, மடிக்கிற கதிரை இரண்டும் நல்ல போர்வையும் இருந்தால் அவர்கள் இருந்தபடியே பார்க்கலாம். குளிர் தாங்காவிட்டால் கார் பக்கத்திலேயே நிற்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள்தான் கஷ்டம், ஸ்கோப்பின் காலைத் தட்டாமல் அவர்களால் நடக்க முடியாது.

கொண்டுபோக வேண்டியவை

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, 8×42 போதும். இல்லாதவருக்கு யாரிடமாவது முன்கூட்டியே வாங்கி வையுங்கள், இரண்டு பேருக்கு ஒன்று என்று தொடங்கினால் இரண்டு பேரும் ஒன்றும் பார்க்கமாட்டார்கள். நாலு ஐந்து பேருக்கு ஒரு ஸ்கோப், 20–60 மடங்கு. அறுபது மடங்கில் வைத்துப் பார்க்க எல்லாருக்கும் ஆசை, ஆனால் தண்ணீருக்கு மேலே காற்று அலைகிறபோது அதில் பறவை கொழகொழவென்று தெரியும், முப்பதைத் தாண்டாமல் வைத்திருங்கள். காற்றில் ட்ரைபொட் விழாமல் இருக்கக் கால்களைக் குறைத்து வைத்து நடுவில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் காலநிலை ஆப் சொல்கிற 3 பாகையை நம்ப வேண்டாம். நடப்பவருக்குத்தான் 3 பாகை, நிற்பவருக்கு அது கழித்தல் கணக்கு. நீண்ட உள்ளாடை, காற்றுப் புகாத ஜக்கெற், தண்ணீர் புகாத சப்பாத்து, இரண்டு சோடிக் காலுறை. கையுறை விரல் நுனி திறக்கக்கூடியதாக இருந்தால் ஸ்கோப்பின் குமிழைத் திருப்ப வசதி. அருவிக்குப் பக்கத்தில் சாரல் வந்து கண்ணாடியில் உறையும், நல்ல துடைக்கிற துணி ஆளுக்கொன்று வேண்டும். சட்டை நுனியால் துடைத்துக் கோடு விழுத்தாதீர்கள், அது காலத்துக்கும் போகாது.

அப்புறம் போன். ஆற்றங்கரையில் நின்றால் உங்கள் போன் சத்தமில்லாமல் அமெரிக்கக் கோபுரத்தைப் பிடித்துவிடும், மாதக் கடைசியில் ரோமிங் பில் வரும். காரைவிட்டு இறங்க முன்னமே எல்லாரும் ரோமிங்கை நிறுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். அமெரிக்கக் கரையிலும் நல்ல இடங்கள் உண்டு, கோட் தீவிலிருந்து பார்த்தால் அருவிக்கு மேலே உள்ள பாறைகள் இன்னும் கிட்டத்தில் இருக்கும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் மாணவர் விசா, ஒருவர் இன்னும் அகதிக் கோரிக்கையில், ஒருவர் பாஸ்போட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் என்று எப்போதும் இருக்கும். கனடாப் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒரு நாளுக்கு அது தாராளமாகப் போதும்.

வீட்டுப்பாடம்

போவதற்கு இரண்டு கிழமைக்கு முன் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: பக்கத்து மோல் பார்க்கிங்கில் நிற்கிற கடற்காகத்தைப் பத்து நிமிடம் வடிவாகப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் ரிங்-பில்ட் என்ற இனம். மஞ்சள் அலகு, அலகு நுனிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வளையம், மஞ்சள் கால், வெளிறிய கண், மெல்லிய சாம்பல் முதுகு, நீளம் 45 சென்ரிமீற்றர் அளவில். இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவருக்கு நயாகராவில் மற்ற எல்லாவற்றையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும். தெரியாதவருக்கு அங்கே பறப்பது எல்லாமே வெள்ளை.

இரண்டாவது ஹெரிங். ரிங்-பில்டை விடப் பெரிது, 60 சென்ரிமீற்றர் அளவு, கால் இளஞ்சிவப்பு, கீழ் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி, குளிர்காலத்தில் தலையும் கழுத்தும் அழுக்குப் பிடித்தமாதிரிப் பழுப்புக் கோடுகள். மூன்றாவது போனபார்ட். 33 சென்ரிமீற்றர்தான், மெல்லிய கறுப்பு அலகு, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, பறக்கும்போது செட்டையின் வெளி விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளை ஆப்பு. வடக்கே ஊசியிலைக் காட்டில் மரத்தில் கூடு கட்டுகிற கடற்காகம் இது, மற்ற இனங்கள் பெரும்பாலும் தரையிலோ பாறையிலோதான் கட்டும். இந்த மூன்றும் தெரிந்தால் அன்றைக்குப் பார்க்கப்போகிற பறவைகளில் மிகப் பெரும்பகுதி தெரிந்ததாகிவிடும்.

பிள்ளைப் பருவம்தான் எல்லாரையும் குழப்புவது. போனபார்ட் இரண்டு வருடத்தில் முதிர்ந்த நிறத்துக்கு வரும், ரிங்-பில்ட் மூன்று, ஹெரிங் நாலு. அதுவரைக்கும் ஒவ்வொரு வருடமும் பழுப்பு, பாதிப் பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு என்று மாறிக்கொண்டே போகும், ஒரே வயதுப் பறவைகள்கூட ஒன்றுபோல இருக்காது. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பழுப்பான பெரிய கடற்காகங்களை முற்றாக விட்டுவிடுங்கள். முதிர்ந்தவற்றை மட்டும் பாருங்கள். பழுப்பில் ஒரே ஒரு விதிவிலக்கு, செட்டை நுனியில் கறுப்பே இல்லாமல் முழுப் பறவையும் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் ஒன்று வந்தால் உடனே குரல் கொடுங்கள், அது வடக்கத்தியது.

பறவையை அடையாளம் சொல்கிற மெர்லின் ஆப் வைத்திருப்பவர்கள் படம் எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். சரி, போடட்டும். ஆனால் இளம் கடற்காகத்தில் அது அடிக்கடி தடுமாறும், அதன் பதிலை முடிவாக எடுக்காமல் ஒரு யோசனையாக மட்டும் எடுங்கள்.

அன்றைய நாள்

விடிவது 7:25 அளவில், இருட்டுவது 4:45க்கு. நேரம் குறைவு. ஸ்காபரோவிலிருந்து ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் எட்டுக்கு முன் அருவிக்கு மேலே நிற்கலாம். "ஆறு மணி" என்றால் ஆறு மணி என்று எங்கள் ஆக்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட முயற்சிக்க வேண்டாம், கியூஈடபிள்யூ நெடுஞ்சாலையில் அது நடக்காது. முதல் இடத்தின் வரைபடக் குறியை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு அங்கே சந்தியுங்கள்.

முதல் இடம் அருவிக்கு மேலே, ஆற்றின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிற மதகு அணையிலிருந்து பழைய ரொறன்ரோ பவர் கட்டடம் வரை உள்ள கரை. இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சுற்றுலாக் காலத்துப் பகலில் அருவியில் செக்கனுக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீராவது விழ வேண்டும், நவம்பர் 1இலிருந்து மார்ச் கடைசி வரை அதில் பாதி போதும், மிச்சத்தை மின்சாரத்துக்கு எடுக்கலாம். அதனால் நவம்பரில் அருவிக்கு மேலே பாறைகள் கூடுதலாக வெளியே தெரியும், அதன்மேல் கடற்காகங்கள் வரிசையாக இருக்கும். ஓடுகிற தண்ணீருக்கு மேலே பறப்பதைப் பார்ப்பதை விட இருப்பதைப் பார்ப்பது எவ்வளவோ சுலபம், கால் நிறம் தெரியும், பக்கத்துப் பறவையோடு அளவு ஒப்பிடலாம். ஆகவே புதியவர்களைப் பழக்க இதுதான் இடம்.

இங்கே பெரிய கருமுதுகுக் கடற்காகத்தைத் தேடுங்கள், கிரேட் பிளாக்-பேக்ட், உலகத்திலேயே பெரிய கடற்காகம். ஹெரிங்குக்குப் பக்கத்தில் அது நின்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கறுப்பு முதுகு, இளஞ்சிவப்புக் கால், தடித்த அலகு. அதைப்போலக் கருமுதுகு, ஆனால் ஹெரிங்கை விடச் சிறியது, கால் மஞ்சள் என்றால் லெஸ்ஸர் பிளாக்-பேக்ட். ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு இதைக் காட்டுங்கள், மாரிகாலத்தில் மன்னார்க் கடற்கரையில் நிற்கிற கருமுதுகுக் கடற்காகத்தைப் பெரும்பாலான பட்டியல்கள் இதே இனத்தின் இன்னொரு வகையாகத்தான் வைத்திருக்கின்றன. அவர் உடனே உசாராகிவிடுவார்.

பாறைகளின் ஓரத்தில் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் சின்னதாக, உருண்டையாக, சாம்பல் நிறத்தில் ஏதாவது ஓடினால் அது பர்ப்பிள் சாண்ட்பைப்பர், கடற்காகம் இல்லாவிட்டாலும் அதற்காகவே சிலர் ரொறன்ரோவிலிருந்து வருவார்கள். கரையில் உள்ள கல்மதிலில் யாரையும் ஏறவிடாதீர்கள், சாரல் உறைந்து கண்ணாடிபோல வழுக்கும், அந்தப் பக்கம் விழுந்தால் பிறகு கதையே இல்லை.

பத்தரை அளவில் ரேபிள் றொக் கட்டடத்துக்குள் எல்லாரும் போய்ச் சூடாக ஏதாவது குடித்து வோஷ்றூம் போய் வர வேண்டும். "எனக்கு இப்போது தேவையில்லை" என்பவரையும் அனுப்புங்கள். குளிர்காலத்தில் ஆற்றோரப் பூங்காக்களின் வோஷ்றூம்கள் பல பூட்டியிருக்கும், பன்னிரண்டு பேர் உள்ள கூட்டத்தின் நேரத்தைத் தின்பது பறவை இல்லை, இதுதான். அருவியையும் இந்த இடைவேளையிலேயே பார்த்துப் படம் எடுத்து முடித்துவிடுங்கள்.

இரண்டாவது இடம், எனக்குப் பிடித்தது, சேர் அடம் பெக் மின்நிலையத்துக்கு மேலே உள்ள பார்வையிடம். நயாகரா பார்க்வேயில் வடக்கே வந்தால் மலர்க் கடிகாரத்துக்குச் சற்று முன்னால் வரும். கார்களை உரிய பார்க்கிங்கில்தான் விடுங்கள், பார்க்வே ஓரத்தில் பாதி ஏற்றி நிறுத்தினால் ரிக்கெற் வரும். இங்கே நீங்கள் பள்ளத்தாக்கின் உச்சியில் நின்று கீழே பார்க்கிறீர்கள், பறவைகள் உங்கள் காலுக்குக் கீழே பறக்கும். முதுகும் செட்டையின் மேற்பக்கமும் அப்படியே விரித்துவைத்தமாதிரித் தெரியும், வேறெங்கும் இப்படிக் கிடைக்காது. ஆனால் நீங்கள் கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள், வெயில் நாளில் காலையில் வந்தால் ஒளி முகத்தில் அடித்து எல்லாம் நிழல் உருவமாகத் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதற்காகத்தான் இதை நண்பகலுக்கு வைத்தேன்.

இங்கே ஆயிரக்கணக்கில் சுழல்கிற கூட்டத்தில் ஒருவர் கண்ட பறவையை மற்றவருக்குக் காட்டுவதுதான் கலை. "அங்கே, அங்கே, அந்த வெள்ளை!" என்று கத்தினால் ஒருவருக்கும் புரியாது. இறங்கியவுடன் பைனாகுலரை எடுக்க முன் அடையாளங்களை எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் குயின்ஸ்டன்–லூவிஸ்ரன் பாலம், எதிரே அமெரிக்க மின்நிலையம், கீழே எங்கள் பக்கத்து மின்நிலையத்தின் வெளிவாசல் நுரை, வலப்பக்கம் மேலாறு. அப்புறம் பறவையைச் சொல்லும்போது எங்கே, எந்தப் பக்கம் போகிறது, எந்த உயரம், என்ன வித்தியாசம் என்ற வரிசையில் சொல்லுங்கள். "நுரைக்கு மேலே, பாலத்தை நோக்கி, தண்ணீருக்குக் கிட்ட, செட்டையில் கறுப்பு எம்" என்றால் எட்டுப் பேராவது பிடித்துவிடுவார்கள். அருவிக்கு மேலே நிற்கும்போது அங்கேயும் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது, 1918இல் அறுந்துவந்து பாறையில் சிக்கிய இரும்புப் படகு, 2019 ஹலோவீன் இரவுப் புயலில் கொஞ்சம் கீழே நகர்ந்தாலும் இன்னும் கிடக்கிறது. அதற்கு இடது, வலது என்று சொல்லிக் காட்டலாம்.

அந்தக் கறுப்பு எம் எழுத்து பிளாக்-லெக்ட் கிட்டிவேக்கின் இளம் பறவை. கடலில் வாழ்வது, வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆற்றுக்குள் வரும். கழுத்தின் பின்பக்கம் ஒரு கறுப்புப் பட்டி இருக்கிறதா பாருங்கள். ஐஸ்லாண்ட் கடற்காகமும் இங்கே சுலபம்: ஹெரிங்கை விடக் கொஞ்சம் சிறிது, உருண்டைத் தலை, சின்ன அலகு, செட்டை நுனி வெள்ளை அல்லது மெல்லிய சாம்பல். தேயர் என்று முன்பு தனி இனமாக வைத்திருந்ததை 2017இல் இதற்குள் சேர்த்துவிட்டார்கள், அதனால் நுனி கறுப்பான ஐஸ்லாண்டும் உண்டு, அந்த வாக்குவாதத்தை முதல் வருடமே தொடங்க வேண்டாம். கிளாக்கஸ் என்றால் ஹெரிங்கை விடப் பெரிது, செட்டை நுனி முழு வெள்ளை, இளம் பறவைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் பேனை மையில் தோய்த்தமாதிரிக் கறுப்பு.

ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தால் இங்கே இன்னும் நன்றாக நடக்கும். ஒருவர் நுரையை மட்டும், ஒருவர் எதிர்க்கரைப் பாறைகளை, ஒருவர் பாலத்துப் பக்கம் வருவதை, அப்படி. அனுபவம் உள்ளவர் ஸ்கோப்பில் ஒரு நல்ல பறவையைப் பிடித்துவைத்தால் புதியவர்கள் முதலில், ஆளுக்கு இருபது செக்கன். பார்த்தவர் மறுபடி பின்னால் போய்ச் சேர வேண்டும். எல்லாப் பறவையும் ஒரேயடியாக எழும்பினால் உடனே மேலே பாருங்கள், வெண்தலைக் கழுகோ பெரிகிரின் வல்லூறோ வந்திருக்கும்.

சாப்பாடும் இங்கேதான், காருக்குள். றோல்ஸ், பற்றிஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. வெளியே நின்று சாப்பிடாதீர்கள், பிள்ளைகள் ஒரு துண்டை எறிந்தால் போதும், பிறகு ரிங்-பில்ட் தலைக்கு மேலே வட்டமிடும், மற்ற பறவைகாரர்கள் உங்களை முறைப்பார்கள். எறிவது பறவைக்கும் நல்லதில்லை, விட்டுவிடுங்கள்.

இரண்டு மணிக்குக் கீழே குயின்ஸ்டன் படகுத்துறைக்கு இறங்குங்கள். சின்ன ஊர், செங்குத்தான ஒடுங்கிய பாதை, நிறுத்த இடம் கொஞ்சம்தான், மூன்று காரும் நிரம்பி இறங்குவதை விட ஒரு காரை மேலே விட்டுவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரர்களின் வாசலை அடைக்காதீர்கள். மேலிருந்து முதுகைப் பார்த்தீர்கள், இங்கே அதே பறவைகள் கண்மட்டத்தில், செட்டையின் கீழ்ப்பக்கத்தோடு வரும். போனபார்ட் கூட்டம் ஆற்றுக்கு எதிராகப் பறந்து மீன் பொறுக்கி, பிறகு ஓட்டத்தோடு மிதந்துபோய் மறுபடி பறந்து வரும். கூட்டத்துக்குள் ஒன்றின் செட்டைக் கீழ்ப்பக்கம் கரிக்கறுப்பாக இருந்தால் அது லிட்டில் கடற்காகம், உலகத்திலேயே சிறியது. செட்டை நுனிக்குக் கீழே கறுப்பும் அலகு சிவப்புமாகக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தால் பிளாக்-ஹெடட், ஐரோப்பாவில் சாதாரணம், இங்கே கொண்டாட்டம். ஒவ்வொரு போனபார்ட்டையும் ஒரு தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை, அதனால்தான் கூட்டம் வேண்டும் என்றேன்.

கடைசி இடம் நயாகரா-ஒன்-த-லேக், குயின்ஸ் றோயல் பூங்கா. நாலு மணிக்கு முன் போய்விட வேண்டும். ஆறு ஏரியில் சேருகிற வாய் இது, எதிர்க்கரையில் பழைய நயாகராக் கோட்டை. பகல் முழுக்க ஆற்றில் மீன் பொறுக்கிய போனபார்ட் எல்லாம் இரவு தங்க ஏரிக்குப் போகும், இந்த வாயைத் தாண்டித்தான் போக வேண்டும், நீங்கள் பூங்காக் கரையில் நின்றால் போதும், ஊர்வலமே உங்கள் முன்னால் போகும். எண்ணுவதற்கு ஒருவரை வையுங்கள்: பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் பார்த்து, அதே அளவைப் பத்துத் தடவை அடுக்கி நூறாக்கி, நூறு நூறாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் லிட்டிலைத் தேடலாம். பகலில் கண்டுபிடிக்காதவர்களுக்கு இது கடைசி வாய்ப்பு, சில வருடம் இதில்தான் கிடைக்கும். ஏரிக்காற்று இங்கே கொல்லும், மிச்சம் வைத்த உடுப்பு எல்லாவற்றையும் போடுங்கள்.

பதிவு

பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இணையத்தளமான ஈபேர்டில் நாலு இடத்துக்கும் நாலு தனிப் பட்டியல் போடுங்கள், ஒரே பட்டியலாக "நயாகரா ஆறு" என்று போட்டால் பிறகு யாருக்கும் பயன்படாது. ஒருவர் எழுதி மற்றவர்களோடு பகிர்ந்தால் எல்லார் கணக்கிலும் சேரும். நிச்சயமில்லாத பறவையைக் "கடற்காகம், இனம் தெரியாது" என்றே பதியலாம், அதற்கென்று தனி வரி இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அரிய இனம் என்றால் மங்கலான படமாவது, படம் இல்லாவிட்டால் பார்த்ததை உங்கள் சொல்லில் மூன்று வரி: அளவு, முதுகு, செட்டை நுனி, அலகு, கால், எதனோடு ஒப்பிட்டீர்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விடாதீர்கள், திரும்பும் வழியில் ஓட்டாதவர் எழுதி முடிக்கட்டும். ஈபேர்டில் பதிவுகளைச் சரிபார்ப்பவர் ஏதாவது கேட்டு எழுதினால் கோபிக்காமல் பதில் போடுங்கள், அவர் தன் வேலையைத்தான் செய்கிறார்.

நவம்பரில் நாள் ஒத்துவராதவர்கள் ஜனவரியில் போகலாம். போனபார்ட் பெரும்பாலும் போயிருக்கும், ஆகவே நயாகரா-ஒன்-த-லேக்கின் மாலை ஊர்வலத்தை விட்டுவிடலாம், ஆனால் ஐஸ்லாண்டும் கிளாக்கஸும் அப்போது பார்க்க நல்ல வாய்ப்பு, அருவிக்கு மேலேயும் அடம் பெக்கிலும் அரை நாள் நின்றால் போதும். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளுப் பட்டியை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.